தூய தமிழுக்குச் சுரக்காத பசு

என் அருமைத் தம்பியே! தந்தையின் நிலத்தைத் தனியொருவனாய்க் காத்து நிற்பவனே! நலமே பெருகுக. கேள் என் முறையீட்டை! உன் மகளைப் பார்க்கப் புறப்படுகையில் இரண்டு நாளைக்குப் பண்ணையை என்னிடம் ஒப்படைத்தாய். தீவனம் சொன்னாய், மோட்டார் சொன்னாய். செவலைப் பசுவை எந்த மொழியில் கறப்பது என்பதை மட்டும் சொல்லாமல் போனாய்! தொலைபேசியில் என் குரல் கேட்டால் ஒரு மணி நேரம் போய்விடுமென்று நீ எடுப்பதில்லை. ஆகவே, உன் மகள் ஊர் வழியே போகும் பால்வண்டி ஓட்டுநர் கையில் இம்மடல்.

விடிந்ததும் வாளியோடு அமர்ந்து, "தாயே, சுரந்தருள்க" என்றேன். வாளி போன திசையை இன்னும் தேடுகிறோம். கெஞ்சினேன், அதட்டினேன், ஐயாயிரம் பேரை அமரவைத்த குரலில் "அமைதி!" என்று முழங்கினேன், வாலால் கன்னத்தில் ஒன்று வைத்தது. வேலியருகே நின்ற ஓட்டுநர் சிரித்தார்: "ஐயா, அது உங்க தம்பி பேசுற பாஷைக்குத்தான் நிக்கும். உங்க அப்பா காலத்துல இங்க பால் கறந்த கறவைக்காரம்மா பேசினாங்களே, அந்தப் பாஷை. இதோட தாய் மாடும் அப்படித்தான்."

நெஞ்சு குழைந்துவிட்டது, தம்பி. கடல் கடந்து வந்த நாம், மலை கடந்து வந்த கறவைக்காரம்மா, எங்கிருந்து வந்தோமென்று தமக்கே தெரியாத கிணறு வெட்டுபவர் என ஒரே களத்தில் எத்தனை மொழி! அப்பாவுக்கோ ஆளைக் கூப்பிட ஒன்று, டிராக்டர் சேற்றில் புதைந்தால் திட்ட இன்னொன்று. அந்த அம்மா பசுவின் விலாவில் நெற்றியை முட்டுக்கொடுத்து மெல்ல ஏதோ சொல்வார். சிறுவர்களான நாம் கவிழ்த்துப்போட்ட கூடைமேல் அமர்ந்து அதையே திருப்பிச் சொல்வோம். பிழையின்றிச் சொன்னவனுக்கே நுரை தளும்பும் முதல் டம்ளர். நாள்தோறும் அது எனக்கே கிடைத்தது! இன்று ஒரு சொல்கூட நினைவில் இல்லை. மேடைக்காக நாவைக் கழுவிக் கழுவி அதையும் கழுவிவிட்டேன்.

மடி கல்லாய் இறுகிவிட்டது, பசு கதறுகிறது. அச்சொற்களை எழுதி இதே வண்டியில் அனுப்பு! உன் மகளும் அவள் குடும்பமும் நீடு வாழ்க.

இங்ஙனம்,
உதைபட்ட உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் உன் அண்ணி வேறொரு வாளியை நிரப்பிவிட்டாள்! மணமான புதிதில் இங்கிருந்தபோது கறவைக்காரம்மாவிடம் கற்றாளாம். "காலையிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன். "என்னை எங்க பேச விட்டீங்க?" என்றாள். ஆகவே எதையும் எழுதி அனுப்பாதே. பசுவுக்கு இனிக் குறையில்லை, குறை எனக்குத்தான். கற்றுத்தரக் கேட்டால் இவள் சிரிக்கிறாள். நீயே வா, இன்றே வா. வந்து எனக்குச் சொல்லிக்கொடு!