அக்காவின் கோடும் அதிகாரியின் புள்ளியும்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன்பிறகு எங்கள் அலுவலகத்தில் 'நடமாட்ட வரைபடம்' வரும்வரை சும்மாதான் இருந்தது. ஊழியர் ஒவ்வொருவர் கழுத்திலும் ஓர் அட்டை. அவர் எத்தனை மணிக்கு எங்கே போனார் என்பதை அது என் அறைத் திரையில் வண்ணக் கோடாக இழுத்துவிடும். வரைபடப் பொறுப்பாளர் பதவியை மிகுந்த பணிவுடன் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முதல் வாரமே உண்மைகள் வெளிவந்தன. அதிகாரியின் கோடு கோடாகவே இல்லை. நாற்காலிமேல் ஒரு புள்ளி. 'நிலைத்த தலைமை' என்று குறித்தேன். பியூன் அக்காவின் சிவப்புக் கோடோ, பூனை கையில் சிக்கிய நூல்கண்டு மாதிரி மூன்று மாடியிலும் சுற்றிக் கிடந்தது. தினம் பதினொரு கிலோமீட்டர்! 'காரணமற்ற அலைச்சல்' என்று குறித்தேன்.

விசாரணை கூடியது.

"ஏம்மா, எதுக்கு இப்படி அலையறீங்க?" என்றார் அதிகாரி.

"நீங்க பெல் அடிக்கிறீங்களே சார்."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

"பெல் எங்கயும் நகரல சார். வரைபடத்துல இல்ல."

ஆதாரமற்ற வாதம் தள்ளுபடியானது. அக்கா இனி இரண்டாம் மாடிப் படியருகே முக்காலியில் உட்கார வேண்டும். எழுந்தால் வேலை இல்லை.

"வேலைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல தம்பி?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். குரல் நடுங்கியது. அது வரைபடத்தில் பதியாது.

மறுநாள் அதிகாரி பதினான்கு முறை பெல் அடித்தார். மற்ற யாருக்கும் தங்கள் கோடு நீள்வதில் விருப்பமில்லை. அப்போது வரலாறு காணாத சம்பவம் நடந்தது: புள்ளி நகர்ந்தது! கோப்பு அறையைத் தேடிப் புறப்பட்டு, மொட்டைமாடி, வண்டி நிறுத்துமிடம், மறுபடி மொட்டைமாடி என்று போயிற்று. என் போன் அடித்தது.

"யோவ், நான் இப்ப எங்கய்யா இருக்கேன்?"

"ரெண்டாவது மாடி சார். இடது பக்கக் கதவைத் திறங்க."

"ஐயையோ சார், அது பொம்பளைங்க பாத்ரூம்!" என்று அக்கா கத்தியது போனில் கேட்டது. முக்காலியைவிட்டு எழாமல்தான் கத்தினார்.

அன்று மாலையே உத்தரவு ரத்தானது. அக்கா பழையபடி ஓடத் தொடங்கினார்.

மாத அறிக்கையை நடுநிலையோடு எழுதினேன். அதிகாரி வழிதெரியாமல் சுற்றிய நாற்பது நிமிடம், 'கள ஆய்வு'. மேலிடம் நெகிழ்ந்துபோய் அவருக்குப் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. அதை மூன்று மாடி ஏறிக் கொண்டுவந்து கொடுத்தவர் அக்காதான்.

அதையும் மறக்காமல் அலைச்சலில் சேர்த்துவிட்டேன்.