கடல் கதைக்கு ஒரு பாத்திர அறிமுகம்

அந்தப் பத்துப் பாகக் கடல் நாவலுக்கு வாசகர் வழிகாட்டி ஒன்று எழுதித் தருகிறேன் என்று நூலகரிடம் நான் வாக்குக் கொடுத்தபோது, மூன்றாம் பாகத்தின் நடுவில் இருந்தேன். அதே நடுவில்தான் போன வருஷமும் இருந்தேன்.

தப்பு என்மேல் இல்லை. கண்ணாடிக் கடையில் கண் பார்ப்பது என் வேலை. காலையிலிருந்து மாலைவரை "மேல் வரிசை படிங்க, இப்போ கீழ் வரிசை படிங்க" என்று ஊரையே படிக்க வைக்கிறவனுக்கு, வீட்டுக்கு வந்து ஒரு பக்கம் புரட்டினால் கொட்டாவி வருகிறது. இரண்டாம் பக்கத்தில் தூக்கமே வந்துவிடுகிறது.

ஆனால் கதை என்னை விடவில்லை. முந்நூறு வருஷத்துக்கு முந்தைய கடல். மரக்கப்பல்கள். கப்பலுக்குத் தலைவராக, ஊரும் பெயரும் தெரியாத ஒரு கப்பித்தான். இடது காதில் பாதியைச் சண்டையில் பறிகொடுத்தவர். மிச்சக் காதை வைத்துக்கொண்டே காற்று மாறப்போவதைக் கேட்டுவிடுவார். அவருடைய அப்பா ஒரு கப்பலோடு காணாமல் போய்விட்டார். அந்தக் கப்பலைத் தேடித்தான் பத்துப் பாகமும். கிடைத்ததா? கடைக்கு வருகிறவர்களுக்கு லென்ஸ் மாட்டும்போதுகூட எனக்கு அதே யோசனைதான்.

எல்லாவற்றுக்கும் காரணம் பல் டாக்டர். நூலக வாசகர் வட்டத்தில் ஒருநாள் அவர் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "இந்தத் தொடரை முழுசா படிச்சவன் இங்க நான் ஒருத்தன்தான்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு பேர்" என்றேன்.

நூலகர் முகம் மலர்ந்தது. "நல்லதாப் போச்சு. பத்துப் பாகத்தையும் பார்த்துப் புதுசா வர்றவங்க பயந்து ஓடுறாங்க. எந்தப் பாகத்துல என்ன நடக்குது, யார் யாரு, கப்பல் சொல்லுக்கெல்லாம் என்ன அர்த்தம்னு ஒரு சின்ன வழிகாட்டி இருந்தா நல்லாயிருக்கும். உங்க ரெண்டு பேர்ல யார் எழுதுறீங்க?"

அடுத்தவர் வாயைத் திறக்க வைப்பதே தொழிலாகக் கொண்ட பல் டாக்டர், தன் வாயைத் திறப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன்.

வீடு திரும்பும் வழியில்தான் கையைத் தூக்கியது நான்தான் என்பது உறைத்தது. இன்னும் ஏழரைப் பாகம். நான் படிக்கும் வேகத்தில் அதை முடிக்க என் பேரன் வரவேண்டும். எனக்கு இன்னும் பிள்ளையே இல்லை.

அப்போதுதான் திட்டம் உதித்தது. என் மனைவி!

அவள் வேலை, குடிநீர் அலுவலகத்தில் தொலைபேசியில் புகார் வாங்குவது. பகலெல்லாம் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஊரே அவளைத் திட்டும். "லைன்ல இருங்க" என்ற ஒரே சொல்லால் ஊரையே அடக்கிவைப்பாள். ஆனால் படிப்பில் புலி. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தைக்கூடக் கடைசி வரிவரை படித்துவிட்டுத்தான் மாத்திரையைத் தொடுவாள்.

"பாவம், நீ ரொம்பக் களைச்சுப் போயிருக்கே" என்று ஆரம்பித்தேன்.

"என்ன வேணும்?" என்றாள்.

"ஒண்ணும் வேணாம். மனசுக்கு ஒரு மாறுதல் வேணாமா? நல்ல கடல் கதை. எடுத்துட்டு வந்திருக்கேன். நீ படி. தினம் சாயங்காலம் படிச்சதை எனக்குச் சொல்லு."

"எதுக்குச் சொல்லணும்? நீங்கதான் படிச்சவராச்சே?"

"பத்துப் பாகமும் படிச்சிருக்கேன். உன் ஞாபக சக்தி எப்படின்னு பார்க்கிறேன்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். குழாய் உடைந்தது தானாகவா, ஆள் உடைத்தானா என்று கண்டுபிடிக்கிற பார்வை. பிறகு புத்தகத்தை வாங்கிக்கொண்டாள்.

நான் எதிர்பார்த்ததைவிட வேகமாகப் போனாள். கதை அவளையும் பிடித்துக்கொண்டது. சோபாவில் நங்கூரம் பாய்ச்சி உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. நான் காகிதமும் பேனாவுமாகப் பக்கத்தில் உட்காருவேன்.

"புயல் அடிச்சது. கப்பல் பாறையில மோதப்போகுது. கப்பித்தான் சுக்கானைப் பிடிச்சார். அந்த நேரம் பார்த்து சுக்கான் ஒடிஞ்சுபோச்சு" என்றாள்.

"அப்புறம்?"

"லைன்ல இருங்க. தொட்டி நிறையப் பாத்திரம் கிடக்கு. கழுவிட்டு வந்து சொல்றேன்."

சுக்கான் ஒடிந்த கப்பலை அப்படியே விட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போகிறாளாம்! என்னால் தாங்க முடியவில்லை.

"அதை நான் கழுவுறேன். நீ சொல்லு!"

என் வாழ்க்கையில் நானே வலியப் போய் ஏறிய கப்பல் அதுதான்.

மறுநாளிலிருந்து அதுவே ஏற்பாடாகிவிட்டது. சமையலறையில் முக்காலி போட்டு அவள் உட்காருவாள். நான் தொட்டி முன்னால் நிற்பேன். கை ஈரமாக இருப்பதால் எழுத முடியாமல் எல்லாவற்றையும் மனதில் வைத்துக்கொண்டு, துடைத்த பிறகு எழுதுவேன்.

"காத்து வந்ததும் எல்லாரும் பாயை விரிச்சாங்க."

"அதுக்குள்ளயா தூங்கப் போயிட்டாங்க?"

"கப்பல் பாயைச் சொல்றேன். பத்துப் பாகம் படிச்சவருக்கு இது தெரியாதா?"

"தெரியும், தெரியும். சோதிச்சேன். சரி, கரை தெரிஞ்சுதா?"

"நல்லாத் தெரியுது. அந்த வாணலியோட அடியில பாருங்க. தேய்ங்க."

ஐந்தாம் பாகத்துக்குள் சமையலறை முழுவதும் என் பொறுப்புக்கு வந்துவிட்டது. கொள்ளைக்கூட்டத் தலைவன் யார் என்று அறிய வெங்காயம் நறுக்கினேன். அவனைக் காட்டிக்கொடுத்தது யார் என்று அறியத் துணி மடித்தேன்.

ஆறாம் பாகம் முடித்த அன்று அவள் முக்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புத்தகம் மடியில் மூடிக் கிடந்தது.

"பீரங்கிச் சண்டையா?" என்றேன்.

"ஆமா."

"பெரிய சண்டையா?"

"ரொம்பப் பெரிசு."

"கப்பித்தானுக்கு ஒண்ணும் ஆகலையே?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் தேய்க்கும் நாரை அந்தரத்தில் பிடித்தபடி நின்றேன். சோப்பு நுரை முழங்கை வழியாகத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அந்த நுரையைப் பார்த்தாள். பளபளவென்று அடுக்கியிருந்த தட்டுகளைப் பார்த்தாள்.

"தப்பிச்சிட்டார்" என்றாள்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தச் சந்தோஷத்தில் அடுப்பையும் சேர்த்துத் துடைத்தேன்.

ஏழாம் பாகத்திலிருந்து கப்பித்தானிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. தளத்தைத் தானே துடைத்தார். அறையின் ஜன்னல்களைத் தானே தேய்த்தார்.

"மாலுமிங்க இத்தனை பேர் இருக்கும்போது இவர் எதுக்குத் தேய்க்கணும்?"

"அதுலதான் அவர் பெருமையே இருக்கு. நம்ம வீட்டு ஜன்னல்கூட ரொம்ப மங்கலா இருக்கு இல்ல?"

எட்டாம் பாகத்தில் கப்பித்தான் தன் மச்சான் வாழும் தீவுக்குப் போய், முகம் சுளிக்காமல் தங்கிவிட்டு வந்தார். அந்த வார விடுமுறையில் நாங்களும் என் மச்சான் வீட்டுக்குப் போய்வந்தோம். நானும் முகம் சுளிக்கவில்லை. ஒன்பதில் கப்பலின் பாய்களையெல்லாம் கழற்றி அலசிக் காயப்போட்டார். எங்கள் வீட்டுத் திரைச்சீலைகள் அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தண்ணீரைக் கண்டன. பத்தாம் பாகத்தில் அப்பாவின் கப்பல் பனிமூட்டத்துக்குள்ளிருந்து மெல்ல வெளியே வந்தபோது, நான் குளியலறைத் தரையில் மண்டியிட்டு அழுதுகொண்டிருந்தேன். பாதி அழுகைக்குக் காரணம் தரை கழுவும் அமிலம்.

வழிகாட்டியை உருகி உருகி எழுதினேன். "ஏழாம் பாகத்தில் கப்பித்தானின் குணம் கனிகிறது. வீரம் வாளில் மட்டும் இல்லை, துடைப்பத்திலும் இருக்கிறது என்று ஆசிரியர் நமக்கு உணர்த்துகிறார்" என்ற வரியில் எனக்கே ஒரு கர்வம்.

வாசகர் வட்டம் கூடியது. வழக்கத்தைவிட நல்ல கூட்டம். நூலகர் என்னை முன்னால் நிறுத்தினார். நான் கணீரென்று படித்தேன். முதல் ஐந்து பாகத்துக்கும் பல் டாக்டர் பொறாமையோடு தலையாட்டினார். அது எனக்குத் தேனாக இனித்தது. ஆறாம் பாகத்தின் முடிவுக்கு வந்தபோது அவர் தலை நின்றுவிட்டது. எட்டில் எழுந்தே நின்றுவிட்டார்.

"ஒரு நிமிஷம். மச்சான் வீட்டுக்கு யார் போனது?"

"கப்பித்தான்தான்."

"அவர் எப்படிங்க போவார்? ஆறாம் பாகத்துலயே குண்டடிபட்டுச் செத்துட்டாரே! உடம்பைக் கடல்லயே இறக்கிட்டாங்களே! ஏழுலேர்ந்து அவர் தங்கச்சில்ல கப்பலை ஓட்டுறா?"

பின் வரிசையிலிருந்து ஓர் அம்மாள் அலறினார்.

"ஐயையோ! நான் இப்பதான் அஞ்சாம் பாகத்துல இருக்கேன்! செத்துட்டார்னு ஏங்க சொன்னீங்க?"

"நானும் அஞ்சுதான்!" என்று இன்னொருவர் எழுந்தார். மொத்தக் கூட்டமும் பல் டாக்டர்மேல் பாய்ந்தது. நூலகர் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தாள்களைச் சுருட்டிக்கொண்டு பக்கவாசல் வழியாக நழுவினேன். என் மானம் கப்பலேறிவிட்டது. அந்தக் கப்பலை ஓட்டக் கப்பித்தானும் இல்லை.

பாதி வழியில் மனைவிமேல் இருந்த கோபம் அடங்கி வேறொன்று வந்தது. கப்பித்தான் நிஜமாகவே போய்விட்டார். அந்த அரைக் காது மனிதர் அப்பாவைப் பார்க்காமலே போய்விட்டார். நடைபாதை ஓரமாக ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். எங்கள் குடும்பத்தில் ஒருவர் போய்ச் சேர்ந்ததுபோல் இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்தேன். அவள் துவைத்த திரைச்சீலைக்குக் கீழே, துடைத்த ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"கூட்டம் எப்படி?"

"கப்பித்தான் ஆறாம் பாகத்துலயே செத்துட்டாராமே!"

"ஆமாங்க, பாவம். நான் எவ்வளவு அழுதேன் தெரியுமா?"

"அப்புறம் எதுக்குடி நாலு பாகம் மாத்திச் சொன்னே?"

"பத்துப் பாகமும் படிச்சவராச்சே, தப்பாச் சொன்னா திருத்துவீங்கன்னு இருந்தேன்."

கையிலிருந்த தாள்களை மேஜைமேல் போட்டேன். இருந்தாலும் விடவில்லை.

"சரி, ஒப்புக்கறேன், நான் படிக்கலை! ஆனா செத்தவரை உயிரோட வெச்சிருக்க உனக்கு எப்படி மனசு வந்தது?"

அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி நிதானமாகச் சொன்னாள்:

"செத்துப்போனவர் கதைக்கு நீங்க பாத்திரம் கழுவுவீங்களா?"