குடிமையியலுக்கு ஒரு பிரதிநிதி

"'உள்ளேன் சார்'னு மட்டும் சொல்லிட்டு வாடான்னா, கை தூக்கிக் கேள்வியா கேட்டுட்டு வந்திருக்க?"

விடுதியில் ஸ்பேனர் என்று பெயரெடுத்தவன் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். இயந்திரவியல் கடைசி வருடம், வேலைகூடக் கிடைத்தாகிவிட்டது. ஆனால் குடிமையியல் தேறாதவனுக்குப் பட்டம் கிடையாது என்பது பல்கலைக்கழகத்தின் பிடிவாதம். போல்ட் முடுக்குகிறவனுக்கு அரசியல் சட்டம் எதற்கு என்பது ஸ்பேனரின் பிடிவாதம். ஆகவே முதல் நாளிலிருந்தே அந்த வகுப்புக்குத் தன் பெயரில் அறைத்தோழனை அனுப்பிக்கொண்டிருந்தான். தொட்டதற்கெல்லாம் வாதாடுவதால் அந்தத் தோழனுக்கு வக்கீல் என்று பெயர்.

"அநியாயமா ஒண்ணு சொன்னாரு, கேட்டுட்டேன்," என்றான் வக்கீல்.

"இனிமே வாயைத் திறந்த, அவ்வளவுதான்."

வக்கீல் திறக்கவில்லை. வகுப்புத் தலைவர் தேர்தல் வந்தபோது, அமைதியான பிள்ளை என்று மொத்த வகுப்பும் அவனுக்கே ஓட்டுப் போட்டது. ஆக, போகாத வகுப்புக்கு ஸ்பேனர் தலைவனானான்.

பதவியை உதற, வக்கீலைப் போக வேண்டாமென்று நிறுத்தினான். தலைவரையே காணோமென்று துறையிலிருந்து ஓலை வந்தது. பேராசிரியர் முன்னால் வாய்மொழித் தேர்வு, அடையாள அட்டையோடு.

"அட்டையில இருக்கறது உன் மூஞ்சி. நீயே போய்க்கோ," என்று வக்கீல் கைகழுவினான்.

மாட்டினால் பட்டம் போச்சு, வேலை போச்சு, ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கும் அப்பாவின் மானமும் போச்சு. கண் மட்டும் தெரிய மாஸ்க் போட்டு இருமிக்கொண்டே உள்ளே போனான் ஸ்பேனர்.

பேராசிரியரும் மாஸ்க் போட்டிருந்தார்.

"ஜலதோஷம்," என்றார்.

"எனக்கும் சார்."

நீட்டிய அட்டையை அவர் பார்க்கவே இல்லை. ஸ்பேனரின் கண்களைத்தான் பார்த்தார், அதுவும் பயந்து பயந்து.

"என் க்ளாஸ்ல உனக்குப் பிடிச்சது எதுப்பா?"

"எல்லாமே சார்."

"எனக்கும் உன் கேள்வி எல்லாமே பிடிச்சுதுப்பா."

பேராசிரியர் அவசரமாக அடுத்த கேள்விக்குத் தாவினார்.

"நல்ல குடிமகனுக்கு முக்கியமானது எது?"

"நேர்மை சார்."

"ரொம்ப சரி," என்று நெற்றியைத் துடைத்தார். "பாஸ். கிளம்பு."

கால் தரையில் பாவாமல் வெளியே வந்தவனை, வாசலில் இருந்த பியூன் ஓரமாக இழுத்துப்போனார்.

"நல்லவேளை தம்பி, நீ கண்டுக்காம விட்டுட்ட. வருஷம் பூரா சார் தன் மச்சினனை அனுப்பிப் பாடம் நடத்திட்டு, இன்னிக்கு மார்க் ஷீட்டுல கையெழுத்துப் போட அவரே வந்தாரா, 'நீங்க யாரு'ன்னு கேட்டுடுவியோன்னு மனுஷன் காலையிலேருந்து நடுங்கிட்டிருந்தாரு."