மாசானத்துக்கு விசிட்டர் அட்டை

ஒரகடம்,
ஜூன் 2014

மரியாதைக்குரிய அத்தைக்கு,

மருமகள் சந்திரலேகா பணிவோடு எழுதுவது. இங்கே உங்கள் மகனுக்கும் பேரனுக்கும் ஒரு குறையும் இல்லை. அங்கே உங்கள் முழங்காலும் மாமாவின் சர்க்கரையும் அடங்கி இருக்கட்டும். போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவீர்கள் என்றுதான் பிள்ளை தூங்கிய பிறகு எழுதுகிறேன். மாமாவை மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள். போன மாதம் நீங்கள், "பிள்ளைய எங்ககிட்ட விட்டுரு, பள்ளிக்கூடம் போற வரைக்கும் வளக்கோம்" என்றபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேனே, இப்போது நானே சொல்கிறேன்: ஞாயிற்றுக்கிழமை வந்து மாசானத்தைக் கூட்டிக்கொண்டு போங்கள். இல்லையென்றால் என் வேலை போய்விடும்.

நடந்தது இதுதான். எங்கள் கம்பெனியில் கார்களுக்குள் வைக்கிற சின்னச் சின்ன மின்பலகைகள் செய்கிறோம் அல்லவா, அதில் பற்றவைக்கிற கம்பியில் வெள்ளீயம் இருக்கிறது. நீங்கள் ரசம் வைக்கிற ஈயச்சொம்பு இருக்கிறதே, அதே ஈயம்தான். எங்களிடம் வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் திடீரென்று, அது எந்த நாட்டு மண்ணில் தோண்டியது, குழந்தைகளை வைத்துத் தோண்டினார்களா, அந்தக் காசில் யாராவது துப்பாக்கி வாங்கினார்களா என்று கேட்டுவிட்டார்கள். பர்ச்சேஸில் இருப்பது நான் ஒருத்தி. கம்பி தருகிற பாரிமுனைக் கடைக்காரருக்குப் போன் போட்டேன். "குடோன்லேர்ந்து வருது மேடம்." அதற்கு முன்னால்? "பம்பாய்லேர்ந்து." அதற்கும் முன்னால்? "இன்னா மேடம், உங்களுக்குக் கம்பி வோணுமா, கம்பியோட ஜாதகம் வோணுமா?" என்று வைத்துவிட்டார்.

இதை விசாரிக்க அவர்கள் அனுப்பிய பிரவீனா என்ற ஆடிட்டர் அம்மா வந்த அன்றைக்குப் பார்த்து, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்கார கங்கா அக்கா மணிமங்கலத்தில் கல்யாணம் என்று போய்விட்டார். உங்கள் மகனோ நைட் ஷிப்ட் முடிந்தும் ஓ.டி. என்று அங்கேயே தங்கிவிட்டார். நான் என்ன செய்ய, மாசானத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கம்பெனி பஸ் ஏறிவிட்டேன். கேட்டில் செக்யூரிட்டி கன்னியப்பன் அண்ணன். முதலாளியின் மாமியாருக்கே அட்டை மாட்டித்தான் உள்ளே விட்டவர். "கொழந்தன்னாலும் ஆளு ஆளுதாம்மா" என்று ஒரு விசிட்டர் அட்டை எழுதி இவன் கழுத்திலும் மாட்டினார். கயிறு இறுக்கிவிடுமோ என்று நான் ஊக்கில் மாட்டினேன், ஊக்கு குத்திவிடுமோ என்று அதையும் எடுத்துச் சட்டைப் பொத்தானில் கட்டினேன். பற்றவைக்கிற புகை எட்டாத பார்சல் அறையில் ஒரு அட்டைப்பெட்டிக்குள் துணி விரித்துத் தூங்கவைத்துவிட்டு வந்தேன்.

ஆடிட்டர் அம்மா ஒரு படம் காட்டினார். ஆப்பிரிக்காவில் காங்கோ என்று ஒரு நாடு. ஈயம் தோண்டுகிற குழி ஓரத்தில் ஒரு பெண் சேற்றை அலசிக்கொண்டிருக்கிறாள், முதுகில் துணியில் கட்டிய பிள்ளை, நம் மாசானம் வயதுதான் இருக்கும். பார்சல் அறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன் அத்தை. "அப்ப அவங்ககிட்ட வாங்கறதையே நிறுத்திட்டாச் சரியாப்போச்சு மேடம்" என்றார் எங்கள் மேனேஜர் டில்லிபாபு.

"நிறுத்திட்டா அந்தம்மா சோத்துக்கு எங்க போவாங்க சார்? குழி சரியாம முட்டுக் கொடுக்கணும், நியாயமான வெல கொடுக்கணும், புள்ளைய விட ஒரு எடம் வேணும். கைகழுவிட்டுப் போறது சுலபம்" என்றார் அவர்.

டில்லிபாபு சார் பலமாகத் தலையாட்டி, "நம்ம கம்பெனில அந்தப் பேச்சே கெடயாது மேடம். ஒரு கொழந்தையப் பாக்க முடியாது" என்றார். ஆடிட்டர் அம்மாவோ அவருக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். கதவோரம் தவழ்ந்து வந்துகொண்டிருந்தான் உங்கள் பேரன்.

"இது யாரு?"

"விசிட்டர் மேடம்" என்றார் சார்.

அந்த அம்மா குனிந்து அட்டையை வாசித்தார். பெயர்: மாசானம். பார்க்க வேண்டியவர்: தாயார். வந்த காரணம்: பால்.

சிரிக்கவே இல்லை அத்தை. நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன். எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார். கார் கேட்டைத் தாண்டியதும் சார், "நாளைலேர்ந்து கொழந்தைய இட்டுகினு வந்தா நீயும் வராத" என்றார். கங்கா அக்காவும் மகள் பிரசவம், இனிமேல் முடியாது என்கிறார். உங்கள் மகனிடம் அழுதால், "எங்கம்மைக்கு எழுதிப்போடு" என்று சொல்லிவிட்டுக் குறட்டை விடுகிறார்.

ஆகவே வந்துவிடுங்கள். ஆட்டுக்குப் பக்கத்தில் அவனை விடாதீர்கள், புளியங்கொட்டை கையில் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், கிணற்றை மூடிவிடுங்கள், முடிந்தால் தூர்த்துவிடுங்கள். மாமாவின் காலைத் தொட்டதாகச் சொல்லுங்கள். உங்கள் ஆசி ஒன்றே துணையாக,

மருமகள்
சந்திரலேகா

பி.கு.: தபாலில் போடுவதற்குள் சார் கூப்பிட்டார். ஆடிட்டர் அம்மா எழுதி அனுப்பிவிட்டாராம்: ஈயம் வந்த வழியைக் கண்டுபிடிக்க அவகாசம் உண்டு, ஆனால் தாயைத் துரத்தக்கூடாது, பிள்ளைகளுக்கு ஓர் அறை ஒதுக்கினால்தான் ஆர்டர். பார்சல் அறைக்கு வெள்ளையடிக்கிறார்கள். பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் கேட்டார்கள், உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன், சம்பளம் உண்டு. எனவே பிள்ளையைக் கூட்டிப்போக வர வேண்டாம், தங்குகிற மாதிரி வாருங்கள். வரும்போது மறக்காமல் வாக்காளர் அட்டை கொண்டு வாருங்கள். உங்களுக்குப் பதினெட்டு வயது நிரம்பிவிட்டது என்று ஆடிட்டருக்குக் காட்ட வேண்டுமாம்.