டென்மார்க்கின் இடது முழங்கால்

ஹேண்ட்பால் என்ற விளையாட்டுக்காக ஆசியாவிலேயே அதிகம் கவலைப்பட்ட மனிதர் மூணாறுக்கு மேலே எங்கள் எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறார். அந்தப் பந்தை அவர் தொட்டதுகூட இல்லை. ஊரில் அவர் பெயர் டென்மார்க். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அவர் மனைவிக்கு ஞாபகம் இருக்கலாம். தினமும் பள்ளிக்கூடத்துக்கு நான் அவர் ஜீப்பில்தான் போகிறேன், தப்பிக்க வழியில்லை.

எல்லாம் ஒரு டூரிஸ்ட்டால் வந்த வினை. மழையில் ஜீப் சேற்றில் மாட்டிக்கொண்டபோது, பின்சீட்டிலிருந்து இறங்கிய ஜூலியஸ் என்ற நெட்டைப் பையன் ஒற்றை ஆளாகத் தள்ளி மேலே ஏற்றிவிட்டான். ஊர் டென்மார்க், தொழில் ஹேண்ட்பால் என்றான். அன்று முதல் அவன் ஜெர்மனி கிளப்புக்கு மாறியது, கேப்டன் ஆனது, எந்த மேட்சில் எத்தனை கோல் என்பது எல்லாம் ஒவ்வொரு வளைவிலும் எனக்கு வந்து சேரும்.

"கோல் பூராவும் கையிலதான் டீச்சரே. காலு பட்டா தப்பு."

உலகக் கோப்பை கால்பந்து சமயத்தில் கடைவீதி முழுக்க ஃப்ளெக்ஸ். நடுவில் இவரும் ஒன்று கட்டினார்: 'கையால் கோல் அடிக்கும் எங்கள் தங்கம் ஜூலியஸ்.' அதுவரை அடித்துக்கொண்டிருந்த இரண்டு கால்பந்துக் கோஷ்டிகளும் ஒற்றுமையாக வந்து அதைக் கழற்றின.

பிறகு ஜூலியஸுக்கு இடது முழங்காலில் ஜவ்வு கிழிந்தது. இவர் மாதா கோயிலில், பூசையில் வாசித்து வேண்டிக்கொள்ளச் சொல்லிச் சீட்டுக் கொடுத்துவிட்டார். நான் வேறு சபை, நடந்ததைக் கேள்விப்பட்டதுதான். ஃபாதர் வாசித்தாராம்: "ஜூலியஸின் இடது முழங்கால் குணமாக." பூசை முடிந்ததும் கொழுந்து கிள்ளும் அக்காமார் இவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"யாருண்ணே அந்த ஜூலியஸு? எங்கிட்டு இருக்காக?"

"டென்மார்க்ல."

"அது எந்த எஸ்டேட்டு டிவிஷன்?"

எங்கள் டிவிஷன்களுக்கு வெள்ளைக்காரன் வைத்திருக்கும் பெயர்களைப் பார்த்தால் கேள்வியில் குற்றமில்லை. அடுத்த வாரம் ஜூலியஸுக்காக நாலு பாட்டில் மூட்டுத் தைலம் வந்தது. வாங்கிக்கொண்டார்.

மறுநாள் ஜீப் முழுக்கத் தைல வாடை. கிளட்ச் மிதிக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தார். விடாமல் கேட்டதில் உண்மை வந்தது. ஆபரேஷன் செய்யாவிட்டால் இனி ரொம்ப நாள் ஜீப் ஓட்ட முடியாது என்று டாக்டர் எப்போதோ சொல்லிவிட்டாராம். இவருக்குக் கத்தி என்றால் பயம்.

"அவனுக்கும் இதே காலுதான் டீச்சரே. அவன் ஆபரேஷன் முடிஞ்சு எறங்கி ஆடட்டும். பெறகு நான் போறேன்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று முதல் ஹேண்ட்பால் செய்தியை நானே போனில் தேட ஆரம்பித்தேன். மாதங்கள் கழித்து ஒரு காலையில் கிடைத்தது. கால் தேறவில்லை, ஜூலியஸ் ஆட்டத்தை விடுகிறான். சொல்லாமல் மறைத்துவிடலாம் என்று ஜீப்பில் ஏறினேன். முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரியும் என்று புரிந்தது. பள்ளிக்கூட வாசலில் நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"திங்கக்கெழம தேனிக்குப் போயி அட்மிட் ஆவுறேன். ரெண்டு பேருல ஒருத்தனாவது திரும்பி வரணும்ல?"

அந்த ஞாயிறு ஃபாதர் வாசித்தார்: "டென்மார்க்கின் இடது முழங்கால் குணமாக." எந்த டிவிஷன் என்று யாரும் கேட்கவில்லை.

மூன்று மாதம் வேறு ஜீப்பில், ஒரு கோல் செய்தியும் இல்லாமல் நிம்மதியாகப் போய்வந்தேன். எனக்குப் பிடிக்கவே இல்லை. இப்போது அவர் மறுபடி கிளட்ச் மிதிக்கிறார், தன் முழங்காலுக்குச் சீட்டுக் கொடுத்த ஆள் யார் என்று ஒவ்வொரு வளைவிலும் விசாரிக்கிறார். நான் வேறு சபை என்பதால் என் மேல் சந்தேகமே வரவில்லை.