தகட்டுக்கு அடியில் ஒரு பொட்டு

புதிதாக எதைப் பார்த்தாலும் எனக்குப் பொட்டு வைத்தாக வேண்டும். அதில் ஒரே ஒரு பொட்டுதான் ஒரு மனுஷன் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது.

அப்போது ஷார்ஜா தொழில்பேட்டையில் காருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். (கேமரா போன் வாங்கியவனை ரூமே சுற்றி நின்று பார்த்த காலம்.) ஸ்பேர் பார்ட்ஸ் கடை காதர் பாய் ஒரு வெள்ளிக்கிழமை, கைவேலைக்கு ஆள் வேண்டுமென்று வீட்டுக்குக் கூப்பிட்டார். கார் ஷெட்டைத் திறந்தால், பெட்டி பெட்டியாக வந்த பாகங்களைப் பூட்டி மனுஷன் ஹெலிகாப்டர் கட்டிக்கொண்டிருக்கிறார்! இரண்டு ஆள் நீளத்தில் இறக்கைகள் கிடந்தன. தொட்டுப் பார்த்தேன். இவ்வளவு மெல்லிசா? இதுவா ஓர் ஆளை ஆகாயத்துக்குத் தூக்கும்? உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

இறக்கை நடுத்தண்டோடு சேரும் இடத்தில் ஒரு தகட்டை ஒட்ட வேண்டும். அந்த இடத்தை அசிட்டோன் போட்டுத் துடைதுடையென்று துடைத்துவிட்டு, "ஜும்ஆ தொழுதுட்டு வந்துடுறேன். ஈ உட்காராம பார்த்துக்க தம்பி" என்று பாய் போனார்.

ஈ வரவில்லை. நான்தான் போய் உட்கார்ந்தேன். இத்தனை பெரிய அதிசயம் பொட்டில்லாமலா பறப்பது? பர்ஸில் ஊர் மாரியம்மன் குங்குமம் இருந்தது. பொடி ஒட்டவில்லை. தலையை ஒரு தடவு தடவினேன். (ஒரு தாளிப்புக்குத் தேங்காய் எண்ணெய் அதில் எப்போதும் இருக்கும்.) குழைத்து, தகடு மூடிவிடும் இடமாகப் பார்த்து வைத்தேன். சாமிக்கும் திருப்தி, பாய்க்கும் தெரியாது. என்ன மூளை!

பாய் வந்தார். பசையைக் கலக்கித் தகட்டில் அவர் தடவ, இறக்கையில் நான் தடவினேன். ஒரே இழுப்பு, பொட்டு மறைந்தது. பெயின்டர் கையாச்சே!

கிளாம்பை முறுக்கிக்கொண்டே பாய் சொன்னார்: "ஏன் அவ்வளவு துடைச்சேன் தெரியுமா? உள்ள ஒரு விரல் எண்ணெய் பட்டாப் போதும், பசை பிடிக்காது. மேல சுத்துறப்ப தகடு பிய்ஞ்சா நான் காலி."

ஏசியிலும் எனக்கு வேர்த்து ஊற்றியது. சொன்னால் என் மானம் போகும், சொல்லாவிட்டால் பாய் போவார். பசை இறுக அரை மணி நேரம்கூட இல்லை.

"பாய்... உள்ள பொட்டு இருக்கு."

"என்னது?"

"குங்குமம். தேங்காய் எண்ணெய்ல குழைச்சது."

பாய் கிளாம்பை விட்டுவிட்டு என் எண்ணெய்த் தலையைப் பார்த்தார். நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை.

"குங்குமம்னாலும் அத்தர்னாலும் பசைக்கு அழுக்குதான்டா! கழட்டு, யல்லா, சீக்கிரம்!"

சுரண்டி, தேய்த்து, துடைத்து, மறுபடி ஒட்டி முடிக்கச் சாயங்காலம் ஆனது. அவ்வளவு நேரமும் என் தலையில் பாய் வீட்டம்மாவின் குளியல் தொப்பி!

சில மாதம் கழித்து, பாலைவனத்தில், எகிறிப் போகாமல் தரையோடு கயிறு கட்டி அதைக் கிளப்பினார். அந்தத் தகட்டைத் தேடினேன். சுற்றிய வேகத்தில் தகடு என்ன, இறக்கையே கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு முழம்தான் எழும்பியது. அடேயப்பா! மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

போன வருஷம் என் மகள் கல்யாணத்துக்குப் பாய் வந்திருந்தார். மாப்பிள்ளை குங்குமத்தைத் தொட்டதும் முன்வரிசையிலிருந்து குரல்: "துடைச்சிட்டு வைங்க மாப்பிள்ளே, எண்ணெய் இருந்தா ஒட்டாது!" கதை தெரிந்த என் சொந்தமெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தது. மானம் போனால் போகட்டும், அதை வாங்குவதற்குப் பாய் உயிரோடு இருக்கிறாரே என்று நானும் சிரித்தேன்.