நடுவரின் கணவர் எடுத்த எட்டாவது சில்லு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் உடல்நலமாக இருக்கிறோம். மற்ற நலங்களைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். மாற்றலாகிப் போகும்போது உன் சொல்லாட்டக் கழகத்தையும், போட்டி நடுவர்களுக்கென்று நீயே எழுதிய வழிகாட்டியையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனாய். இந்தக் கடிதத்தை என் ராஜினாமாவாக எடுத்துக்கொள்ளவும்.

ஞாயிற்றுக்கிழமை நூலக மாடியில் ஆண்டுப் போட்டி. காலையிலேயே, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் வைத்த சொல்லைப் பல் வைத்தியர் செல்லாது என்றார். வழிகாட்டியில் உள்ளபடி இருவரையும் பேசவிடாமல் மூலையில் இருந்த கம்ப்யூட்டரிடம் அழைத்துப் போனேன். அதுவும் செல்லாது என்றது. "நேத்துப் பொறந்த பெட்டி எனக்குப் பாடம் நடத்துதா?" என்று தலைமையாசிரியர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆள் ஒற்றைப்படையானால் நடுவரே உட்கார்ந்து ஆட வேண்டும் என்று எழுதியிருக்கிறாயே, எந்த நேரத்தில் எழுதினாயோ, உட்கார்ந்தேன். கடைசிச் சுற்றுக்குச் சீட்டுக் குலுக்கினால் எதிரே என் வீட்டுக்காரர், உன் மாமா! இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர்தான் முன்னணியில் இருந்தார். இந்த ஓர் ஆட்டத்தை ஜெயித்தால் கோப்பை அவருக்கு. வரவேற்பறை அலமாரியில் அதற்கு இடம்கூட ஒதுக்கியாயிற்று. அவருக்குத் தோள்வலி, எழுத்துச் சில்லுகள் இருக்கும் பையை மடியில் வைத்துக்கொண்டு சில்லு எடுத்தார். "கண்ணுக்கு மேல தூக்கிப் பிடிங்க, உள்ள பாக்கறீங்கன்னு சொல்லுவாங்க" என்றேன். "கண்ணாடி இல்லேன்னா எனக்கு உன்னையே அடையாளம் தெரியாது, இதுல பைக்குள்ள என்னத்தப் பாக்கறது?" என்று முணுமுணுத்தபடி தூக்கினார். தூக்கினதுல எத்தனை எடுக்கறோம்னு தெரியாம ஏழுக்குப் பதிலா எட்டு எடுத்துட்டார். பக்கத்து மேஜை பல் வைத்தியர் அதைப் பார்த்துட்டு, "நடுவரக் கூப்பிடுங்க"ன்னார். "நான்தான் நடுவர்"னேன். "அது தெரியும், முறையாக் கூப்பிடுங்க!" என்ன செய்ய, நானே எழுந்து, மேஜையைச் சுற்றி வந்து, நடந்ததை உன் மாமாவிடம் கேட்டு, என்னிடமும் கேட்டுக்கொண்டேன். கூடுதலாக எடுத்தால் எதிராளி சில சில்லுகளைத் திருப்பிப் பார்த்து, வேண்டியதைப் பைக்குள் போட்டுவிடலாம் என்பது விதி. நடுவராக உத்தரவு போட்டேன். ஆட்டக்காரியாக அவருடைய ஒரே வெற்றுச் சில்லை, எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளலாமே அதை, பொறுக்கிப் பைக்குள் போட்டேன். வேணும்னு விட்டுக்கொடுத்தா அது மோசடின்னு நீதானே எழுதியிருக்கே? ஜெயிச்சுத் தொலைச்சேன். கோப்பை பல் வைத்தியருக்குப் போச்சு.

அன்றிலிருந்து மனுஷன் என்னோடு பேசுவதில்லை. காபி வேண்டுமா என்றால் மகளிடம், "நடுவரம்மா அனுமதிச்சா குடிக்கறேன்னு சொல்லு" என்கிறார். அவள், "அப்பா, என்னை ஏன் நடுவுல இழுக்கறீங்க?" என்று கதவைச் சாத்திக்கொள்கிறாள். உன் கழகத்துக்கு ஒழுங்கு முக்கியமாக இருக்கலாம். எனக்குக் குடித்தனம் நடக்க வேண்டும். இன்றே வேறு ஆளைப் பார்த்துக்கொள்.

உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகள் நன்றாகப் படிக்கட்டும். விளையாட்டு எதிலும் சேராமல் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
அக்கா

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் உன் மாமா தாமாகவே வந்து பேசினார். நான் விலகினால் நடுவர் பொறுப்பைத் தானே ஏற்பதாகவும், அடுத்த போட்டியில் நான் ஆட்டக்காரியாகக் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும் என்றும் மிகுந்த அன்போடு சொன்னார். ஆகவே மேலே எதையும் நான் எழுதவில்லை. ஆயுள் முழுவதும் நானேதான் நடுவர் என்று கழகத்தில் உடனே பதிந்துவிடு.